வானத்தில் வியாபாரம், வழக்கு எந்த ஊரில்?

சென்ற மாதம் ஒரு அலுவலாக யாழ்ப்பாணம் போயிருந்தேன். திரும்புவதற்கு முன் பண்ணைப் பாலம் தாண்டி அல்லைப்பிட்டிக்குப் போய், அங்கே நண்டு வாடி வைத்திருக்கும் பழைய நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். 2006இல் ஊரை விட்டுப் போய், பின்னர் திரும்பி வந்து, ஒரு தராசையும் இரண்டு ஐஸ் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு தொழிலைத் தொடங்கியவர் அவர். இன்று பல படகுகளின் நண்டு அவரிடம் வருகிறது.

தேநீர் குடித்து முடிந்ததும் ஒரு கோவையை என்னிடம் நீட்டினார்.

"நானா, நீங்கள் பேப்பரிலை வியாபாரம் எழுதுற ஆள். இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

ஆங்கிலத்தில் ஒன்பது பக்க ஒப்பந்தம். படகுகளில் பொருத்தும் ஒரு சிறு கருவி பற்றியது. படகு கடலில் எங்கே நிற்கிறது என்பது செய்மதி வழியாகக் கரையில் இருப்பவரின் கைத்தொலைபேசிக்கு வரும். எஞ்சின் பழுதானால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், செய்தி வந்துவிடும். இரவு தொழிலுக்குப் போனவர் விடிந்தும் வராவிட்டால் அந்த வீட்டார் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பயனுள்ள பொருள் என்பது விளங்கும். கொழும்பிலிருந்து வந்த முகவர் ஒருவர், தீவகப் பகுதி முழுவதற்குமான விற்பனை உரிமையை நண்பருக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வைப்புப் பணம் 12 இலட்சம் ரூபா. கருவி ஒரு வெளிநாட்டுக் கம்பனியுடையது. செய்மதி வேறொரு நாட்டுக் கம்பனியுடையது.

நண்பர் இலாபக் கணக்கு இருந்த முதல் மூன்று பக்கங்களை நன்றாக விளங்கி வைத்திருந்தார். நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே சிறிய எழுத்தில் 'பிணக்குகள்' என்ற தலைப்பில் மூன்று விடயங்கள் இருந்தன. பிணக்கு வந்தால் அது மூன்றாவது ஒரு நாட்டின் நகரத்தில் தீர்க்கப்படும். அந்த நாட்டின் சட்டமே பொருந்தும். செய்மதிச் சேவை எந்தக் காரணத்தால் நின்றாலும் வைப்புப் பணம் திருப்பித் தரப்படமாட்டாது.

வாசித்துச் சொன்னதும் நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"செய்மதி வானத்திலை நிக்குது. கம்பனிக்காரன் எங்கையோ இருக்கிறான். நான் அல்லைப்பிட்டியிலை இருக்கிறன். பிரச்சினை எண்டு வந்தா ஊர்காவற்றுறைக் கோட்டிலை வழக்குப் போடேலாதோ நானா?"

நியாயமான கேள்வி. இன்று நம்மில் பலர் தெரிந்தோ தெரியாமலோ விண்வெளி வியாபாரத்துக்குள் வந்துவிட்டோம். ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2024இல் இலங்கையில் அனுமதிப்பத்திரம் கிடைத்து, 2025 ஜூலையில் சேவை ஆரம்பமானது. செய்மதித் தொலைக்காட்சி பல வீடுகளில் இருக்கிறது. எனவே நண்பரின் கேள்விக்கான பதிலை இந்த வாரம் வாசகர்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

வானத்துக்கென்று ஒரு நீதிமன்றம் இல்லை

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். விண்வெளி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது. அதே உடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரை இன்னொரு விடயத்தையும் சொல்கிறது. தனியார் கம்பனி விண்வெளியில் எதைச் செய்தாலும் அதற்கு அந்தக் கம்பனியின் நாடே சர்வதேச ரீதியில் பொறுப்பு. அந்த நாடே அனுமதி கொடுக்க வேண்டும், தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும்.

1972இல் வந்த பொறுப்பு உடன்படிக்கை நட்டஈடு பற்றியது. ஒரு நாடு ஏவிய பொருள் பூமியில் விழுந்து சேதம் விளைவித்தால், தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை, ஏவிய நாடு நட்டஈடு கொடுக்க வேண்டும். விண்வெளியிலேயே இரண்டு செய்மதிகள் மோதிக்கொண்டால் தவறு யாருடையது என்பதைக் காட்ட வேண்டும். 1978 ஜனவரியில் சோவியத் யூனியனின் கொஸ்மோஸ் 954 என்ற செய்மதி கனடாவின் வடபகுதியில் விழுந்து அணுக்கதிர்ப் பொருட்களைச் சிதறவிட்டது. கனடா 60 இலட்சம் கனேடிய டொலர் கேட்டது. 1981இல் 30 இலட்சம் டொலருக்கு விடயம் முடிந்தது.

இது நமக்குத் தூரத்து விடயமல்ல. 2015 நவம்பர் 13ஆம் திகதி, விண்வெளிக் குப்பைத் துண்டு ஒன்று நமது தெற்குக் கரைக்கு அப்பால் சுமார் 100 கிலோமீற்றர் தொலைவில் கடலுக்கு மேல் எரிந்து விழுந்தது நினைவிருக்கலாம். தமிழ்நாட்டின் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளம் அமைக்க 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதும் தெரிந்ததே.

ஆனால் இந்த இரண்டு உடன்படிக்கைகளும் நாடுகளுக்கு இடையிலானவை. அல்லைப்பிட்டிக் கடலில் ஒருவருடைய படகின் மேல் ஒரு துண்டு விழுந்தால் அவருக்காக இலங்கை அரசுதான் அந்த நாட்டிடம் இந்த உடன்படிக்கையின் கீழ் நட்டஈடு கேட்க முடியும், அவர் நேரடியாகக் கேட்க முடியாது. வைப்புப் பணம், விற்பனை உரிமை, சேவை நின்றுபோனது போன்ற வியாபாரப் பிணக்குகளை இந்த உடன்படிக்கைகள் தொடுவதேயில்லை. அவற்றைத் தீர்மானிப்பது இரு தரப்பும் கையெழுத்திட்ட காகிதம் ஒன்றுதான். பொருள் வானத்தில் இருந்தாலும் வழக்கு எப்போதும் தரையில்தான் நடக்கும். எந்தத் தரையில் என்பதையும் அந்தக் காகிதமே சொல்லும்.

பக்கத்து நாட்டில் ஒரு பாடம்

இதற்குப் பெரிய உதாரணம் இந்தியாவின் தேவாஸ் - அன்ட்ரிக்ஸ் விவகாரம். பெங்களூரில் உள்ள அன்ட்ரிக்ஸ், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் வர்த்தகப் பிரிவு. தேவாஸ் ஒரு தனியார் கம்பனி. 2005 ஜனவரி 28ஆம் திகதி இரண்டும் ஒரு ஒப்பந்தம் செய்தன. இஸ்ரோ இரண்டு செய்மதிகளைச் செய்து ஏவும். அவற்றின் கொள்ளளவில் பெரும்பகுதியையும் 70 மெகாஹேர்ட்ஸ் எஸ்-பாண்ட் அலைக்கற்றையையும் தேவாஸ் 12 வருடங்களுக்குக் குத்தகைக்கு எடுத்து, கைத்தொலைபேசிகளுக்கும் வாகனங்களுக்கும் படமும் இணையமும் வழங்கும். மொரீஷியஸ் வழியாக அமெரிக்க முதலீட்டாளர்களும், ஜேர்மனியின் டொய்ச்ச டெலிகொம் கம்பனியும் தேவாஸில் பணம் போட்டார்கள்.

2011 பெப்ரவரியில் இந்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு, அந்த அலைக்கற்றை நாட்டின் பாதுகாப்புக்கும் ஏனைய பொதுத் தேவைகளுக்கும் வேண்டும் என்று தீர்மானித்தது. அதே மாதம் அன்ட்ரிக்ஸ் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. அரசாங்கத்தின் தீர்மானம் எங்கள் கைக்கு அப்பாற்பட்டது என்பது அதன் நியாயம்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள்.

பிணக்கு வந்தால் புதுடில்லியில் ஆர்பிட்ரேஷன், அதாவது நடுத்தீர்ப்பு, என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். நடுத்தீர்ப்பு என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர்கள் நீதிமன்றத்துக்கு வெளியே கேட்டுத் தீர்ப்பது. எந்த விதிமுறைப்படி என்பதற்கு, சர்வதேச வர்த்தக சம்மேளனத்தின் விதிகள் 'அல்லது' ஐக்கிய நாடுகள் சபையின் வர்த்தகச் சட்ட ஆணைக்குழுவின் விதிகள் என்று எழுதிவிட்டார்கள். தேவாஸ் முதலாவதன்படி போனது. அன்ட்ரிக்ஸ் இரண்டாவதன்படி தன் நடுவரை நியமித்தது. எது சரி என்ற சண்டை இந்திய உச்ச நீதிமன்றம் வரை போய் 2013 மே மாதத்தில்தான் முடிந்தது. 'அல்லது' என்ற ஒரு சொல் இரண்டு வருடங்களைத் தின்றது.

2015 செப்டெம்பரில் நடுவர்கள், அன்ட்ரிக்ஸ் தேவாஸுக்கு 562.5 மில்லியன் அமெரிக்க டொலரும் வட்டியும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். வெளிநாட்டு முதலீட்டாளர்களோ தனி வழியில், தத்தம் நாடுகள் இந்தியாவுடன் செய்திருந்த முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைகளின் கீழ் இந்திய அரசுக்கு எதிராகவே போனார்கள். அவற்றிலும் இந்தியா தோற்றது. 2020இல் மொரீஷியஸ் முதலீட்டாளர்களுக்கு 111 மில்லியன் டொலரும் டொய்ச்ச டெலிகொமுக்கு 90 மில்லியனுக்கு மேலும் வட்டியுடன் கொடுக்கும்படி தீர்ப்புகள் வந்தன.

வென்றாயிற்று, பணம் கிடைத்ததா? அதுதான் பாடத்தின் இரண்டாம் பாகம். 2021 மே மாதம் இந்தியாவின் கம்பனிச் சட்டத் தீர்ப்பாயம், தேவாஸ் மோசடி நோக்கத்துடன் உருவாக்கப்பட்டது என்று கூறி அந்தக் கம்பனியைக் கலைக்க உத்தரவிட்டது. 2022 ஜனவரி 17இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே வருடம் ஓகஸ்டில் டில்லி மேல் நீதிமன்றம் 562.5 மில்லியன் டொலர் தீர்ப்பையே இரத்துச் செய்தது. தீர்ப்பின் இடம் டில்லி என்று எழுதியிருந்ததால் அந்த அதிகாரம் டில்லி நீதிமன்றத்துக்கு இருந்தது. மோசடி என்ற குற்றச்சாட்டை முதலீட்டாளர்கள் ஏற்கவில்லை.

இதற்கிடையில் அவர்கள் இந்தியச் சொத்துகளைத் தேடி வெளிநாடுகளில் அலைந்தார்கள். பாரிஸில் இந்திய அரசுக்குச் சொந்தமான ஒரு வீட்டின் மேல் நீதிமன்றத் தடை வாங்கினார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகர நீதிமன்றம் 2020இல் வட்டியுடன் சுமார் 1.3 பில்லியன் டொலருக்குத் தீர்ப்பளித்தது. 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அன்ட்ரிக்ஸுக்கு அமெரிக்காவுடன் போதிய தொடர்பில்லை என்று அதைப் புரட்டியது. 2025 ஜூன் 5இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் காரணம் செல்லாது என்று கூறி வழக்கை மீண்டும் கீழே அனுப்பியது. 2005இல் கையெழுத்திட்ட காகிதத்துக்கு இருபது வருடங்கள் கழித்தும் வாதம் நடந்தது. செய்மதிகளில் ஒன்று 2015இல் ஏவப்பட்டது. மற்றது 2018 மார்ச்சில் ஏவப்பட்டு, சில நாட்களில் தொடர்பு அறுந்துபோனது.

பெரிய சட்டத்தரணிகள் இருந்த இடத்திலேயே இப்படி என்றால், 12 இலட்சம் ரூபாவோடு நிற்கும் நமது நிலை என்ன?

மட்டக்களப்பில் தொடங்கிய வழி

முதலீட்டாளர் ஒருவர் ஒரு நாட்டின் அரசையே நடுவர்கள் முன் நிறுத்தும் இந்த வழிக்கும் நமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1987 ஜனவரியில் மட்டக்களப்பில் ஒரு இறால் பண்ணை, பாதுகாப்புப் படை நடவடிக்கையின்போது அழிந்தது. உயிர்களும் போயின. அதில் பங்கு வைத்திருந்த ஹொங்கொங் கம்பனி, பிரித்தானியாவும் இலங்கையும் 1980இல் செய்த முதலீட்டு உடன்படிக்கையைக் காட்டி, உலக வங்கியைச் சேர்ந்த சர்வதேச முதலீட்டுப் பிணக்குகள் மையத்துக்குப் போனது. 80 இலட்சம் டொலருக்கு மேல் கேட்டது. 1990 ஜூனில் 4 இலட்சத்து 60 ஆயிரம் டொலரும் வட்டியும் கிடைத்தது. அந்த மையத்தில் இத்தகைய உடன்படிக்கை ஒன்றின் அடிப்படையில் வந்த முதலாவது தீர்ப்பு இதுவாகும். மட்டக்களப்பு இறாலுக்குத் திறந்த கதவு வழியாகவே பின்னர் செய்மதி முதலீட்டாளர்களும் போனார்கள்.

ஆனால் அந்தக் கதவு வெளிநாட்டு முதலீட்டாளருக்கானது. அழிந்த பண்ணையில் கூலி வேலை செய்தவருக்கு அது திறக்கவில்லை. நமது நண்பருக்கும் திறக்காது. அவருக்கு இருப்பது ஒப்பந்தம் மட்டும்தான்.

விண்வெளிப் பிணக்குகளுக்கென்றே சில ஏற்பாடுகளும் வந்துள்ளன. ஹேக் நகரிலுள்ள நிரந்தர நடுத்தீர்ப்பு மன்றம் 2011 டிசம்பரில் இதற்கென விதிமுறைகளை வெளியிட்டது. நாடுகள் மட்டுமன்றித் தனியார் கம்பனிகளும் அவற்றைப் பயன்படுத்தலாம். துறை தெரிந்த நடுவர்களின் பட்டியலும் தொழில்நுட்ப நிபுணர்களின் பட்டியலும் அங்கே இருக்கும். 2021இல் துபாய் சர்வதேச நிதி மையத்தின் நீதிமன்றங்களும் விண்வெளி வழக்குகளுக்கான ஒரு திட்டத்தை அறிவித்தன. இவையும் இரு தரப்பும் சம்மதித்து எழுதினால்தான் பயன்படும். ஸ்டார்லிங்க் 2020இல் வெளியிட்ட சேவை விதிகளில், செவ்வாய்க் கிரகத்தில் வழங்கும் சேவைக்குப் பூமியின் எந்த அரசுக்கும் அதிகாரமில்லை என்றுகூட எழுதியிருந்தது பலருக்குச் சிரிப்பை வரவழைத்தது. சிரிக்கலாம். ஆனால் இன்னும் போகாத கிரகத்துக்கே பிணக்கு வந்தால் என்ன செய்வது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் பக்கத்துத் தெரு வியாபாரத்துக்கும் எழுதுவதில்லை.

கையெழுத்துக்கு முன் ஆறு கேள்விகள்

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டு வாங்குநர் ஒருவருக்குப் பதனிட்ட கடலட்டை அனுப்பினேன். சரக்கு தரமில்லை என்று மிகுதிப் பணத்தை நிறுத்திக்கொண்டார். ஒப்பந்தத்தைப் பார்த்தால் பிணக்குகள் அவருடைய நகர நீதிமன்றத்தில் என்று இருந்தது. அங்கே சட்டத்தரணி கேட்ட கட்டணம் எனக்கு வரவேண்டிய பணத்தைவிட அதிகம். கை கழுவிவிட்டு வந்தேன். அந்த வரியை நான் கையெழுத்திடும்போது வாசிக்கவேயில்லை. பிழை வாங்குநருடையது மட்டுமல்ல.

அன்று முதல் எந்த ஒப்பந்தத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிக்கிறேன். கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. எனக்கு எதிரே கையெழுத்திடுவது யார்? பேசுபவர் முகவர், கையெழுத்து வேறு நாட்டுக் கம்பனி என்றால், பிரச்சினை வந்த நாளில் முகவர் "நான் வெறும் தரகர்" என்று சொல்லிவிடுவார்.

2. எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர்? தீர்ப்பின் இடம் என்று எழுதிய ஊரின் நீதிமன்றத்துக்குத்தான் அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்யும் அதிகாரம் உண்டு. டில்லி உதாரணத்தை மறக்க வேண்டாம்.

3. எந்த விதிமுறை, எத்தனை நடுவர்கள்? ஒன்றை மட்டும் எழுத வேண்டும். 'அல்லது' வேண்டாம். சிறிய தொகைக்கு ஒரு நடுவர் போதும். மூன்று நடுவர்களின் கட்டணம் முதலை விழுங்கிவிடும்.

4. அரசாங்கம் நிறுத்தினால், செய்மதி பழுதானால் நட்டம் யாருக்கு? அனுமதிப்பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது, அது எவ்வளவு காலத்துக்கு என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். நமது நாட்டில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் விசாரிக்கலாம்.

5. வென்றால் எங்கே அறவிடுவது? எதிர்த் தரப்புக்கு இலங்கையில் சொத்தோ வங்கிக் கணக்கோ உண்டா? வெளிநாட்டு நடுத்தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றும் 1958ஆம் ஆண்டின் நியூயோர்க் சமவாயத்தில் இலங்கை 1962 முதல் இருக்கிறது. நடுத்தீர்ப்பு பற்றிய நமது சட்டம் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். அதன்படி தீர்ப்பை நிறைவேற்றக் கொழும்பு மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதற்குக் கால எல்லையும் உண்டு. ஆனால் எடுப்பதற்குச் சொத்து இருந்தால்தான் தீர்ப்பால் பயன்.

6. சொன்னதெல்லாம் உண்மையா? நாமும் மிகைப்படுத்திச் சொல்லி ஒப்பந்தம் வாங்கக்கூடாது. தொடக்கத்தில் மோசடி என்று ஒரு நீதிமன்றம் கண்டால் மேலே கட்டியதெல்லாம் ஆட்டம் காணும். தேவாஸ் வழக்கில் கண்டது அதுதான்.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைத்துக்கொள்ளவும் நமது மார்க்கம் கற்றுத் தந்திருப்பதை வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எழுதுவதோடு நின்றுவிடாமல், எழுதியதை விளங்கிக்கொள்வதும் நமது கடமை.

கல்லில் எழுதிய ஒப்பந்தம்

நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்கடை ஊரிலை இந்தப் பழக்கம் இல்லை நானா, எல்லாம் வாய்ப்பேச்சுத்தான்" என்றார்.

"இல்லை தம்பி, உங்கள் ஊரில்தான் இந்தப் பழக்கம் பழையது" என்றேன். அல்லைப்பிட்டியில் 11ஆம், 12ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. 1977இல் ஜோன் கார்ஸ்வெல் என்ற அறிஞர் அங்கே அகழ்வு செய்தார். அந்தக் காலத்து உலக வர்த்தகம் இந்தத் தீவுக் கடலைத் தொட்டுப் போனது. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு வணிகர்கள் ஊர்காவற்றுறையில் வந்திறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று அது சொல்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி.

கப்பல் உடைவதற்கு முன்பே யாருக்கு எவ்வளவு என்று கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள். கடலுக்கு அப்பாலிருந்து வரும் வணிகனும் அதை நம்பி வந்தான். இன்றைய செய்மதி அன்றைய கப்பலைப் போன்றது. செய்ய வேண்டிய வேலையும் அதேதான்.

நண்பர் யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து முகவருக்குக் கடிதம் அனுப்பினார். கொழும்பில் ஒரே நடுவர், இலங்கைச் சட்டம், முகவரின் கொழும்புக் கம்பனியும் கையெழுத்திட வேண்டும், சேவை நின்றால் விற்காத கருவிகளைத் திருப்பி எடுத்து வைப்புப் பணத்தைத் தர வேண்டும் என்று கேட்டிருந்தார். முதல் மூன்றுக்கும் முகவர் சம்மதித்தார். வைப்புப் பணத்துக்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

சென்ற வாரம் நண்பர் தொலைபேசியில் பேசினார். விற்பனை உரிமை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பத்துக் கருவிகளை மட்டும் காசு கொடுத்து வாங்கி, தன்னிடம் நண்டு கொண்டுவரும் படகுகளில் பொருத்தியிருக்கிறார். 12 இலட்சம் வங்கியிலேயே இருக்கிறது.

"இலாபம் குறைவுதான் நானா. ஆனா இரவிலை நித்திரை வருது" என்றார்.

ஒப்பந்தம் ஒன்று கையில் இருக்கும் வாசகர்கள் இன்றிரவே அதன் கடைசிப் பக்கத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். விளங்காவிட்டால் விளங்கிய ஒருவரிடம் காட்டுங்கள். கையெழுத்துக்கு முன் என்றால் அதற்கு ஒரு தேநீர்ச் செலவுதான்.